ரைஃபிள் கையோடு போனது, பிஸ்டல் சுற்றிப் போனது

"உன் நண்பர் வெச்சிருக்கிற டிரைவிங் லைசென்ஸ் எந்த ஸ்டேட்?"

மதியச் சாப்பாட்டு மேசையில் இப்படிக் கேட்டவர் என்னோடு வேலை பார்த்தவர். டெக்ஸாஸ்காரர், சின்ன வயதிலிருந்தே வேட்டைக்குப் போகிறவர். எனக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். 2021. நான் டல்லாஸிலிருந்து நியூஜெர்சிக்கு வீடு மாற்றும் மும்முரத்தில் இருந்தேன். என் ரைஃபிளும் பிஸ்டலும் விலை பேசியாகிவிட்டது, அட்லாண்டாவில் இருக்கும் கல்லூரி நண்பன் அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் வருகிறான், பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று அவரிடம் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தேன்.

"ஜார்ஜியா" என்றேன்.

சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டார். "அப்ப நீ அவருக்கு நேரா விற்க முடியாது. சும்மா கூடக் கொடுக்க முடியாது."

நான் சிரித்தேன். டெக்ஸாஸில் நான்கு வருடமாக எல்லோரும் சொல்லிக் கேட்டது வேறு. தனியாள் தனியாளுக்கு விற்றால் படிவம் இல்லை, பின்னணிச் சோதனை இல்லை, பதிவேடு இல்லை. அது உண்மையும்தான், விற்கிறவரும் வாங்குகிறவரும் டெக்ஸாஸ்வாசிகளாக இருக்கும்வரை. துப்பாக்கி என் வீட்டில் இருக்கிறது, கை மாறுவது என் கராஜில், இதில் ஜார்ஜியா எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. அன்று இரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தபோது, நான் தலைகீழாகப் புரிந்து வைத்திருந்தது தெரிந்தது. துப்பாக்கி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மத்திய சட்டத்துக்குக் கவலையே இல்லை. கொடுப்பவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார், வாங்குபவர் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார், இவ்வளவுதான் அது கேட்கிறது. இரண்டும் வேறு வேறு என்றால், நடுவில் லைசென்ஸ் உள்ள டீலர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். விற்பது, பண்டமாற்று, அன்பளிப்பு எல்லாம் ஒன்றுதான். மாநில எல்லையில் போய் நின்று கொடுத்தாலும் அப்படித்தான். மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

இந்த விதி வந்த கதையில் டல்லாஸுக்கே ஒரு பங்கு உண்டு. 1963 மார்ச்சில், பின்னாளில் அதிபர் கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் பொய்ப் பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டு, தபால் செலவோடு 21 டாலர் 45 சென்டுக்கு ஒரு இத்தாலிய ரைஃபிளை வரவழைத்தது டல்லாஸ் தபால் பெட்டிக்குத்தான். கென்னடி கொலைக்குப் பிறகு ஐந்து வருடம் இழுத்தடித்து, 1968-ல் மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் கென்னடி இருவரும் சுடப்பட்ட பிறகு அந்த அக்டோபரில்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். மாநிலம் விட்டு மாநிலம் ஆள் தெரியாமல் துப்பாக்கி போகும் வழியை அடைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் ஆஸ்வால்ட் நின்று சுட்ட அந்தப் புத்தகக் கிடங்குக் கட்டடத்தைக் கடந்துதான் போவேன். இந்தச் சம்பந்தம் ஒருநாளும் தோன்றியதில்லை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. என் தாத்தா சத்தியமங்கலம் பக்கம் விவசாயி. பன்றி விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதற்குக் கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ், அதைப் புதுப்பிக்க நடை, தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது. லைசென்ஸ் புத்தகம் ஆளுக்கு, அதில் துப்பாக்கியின் நம்பர். ஊருக்கே தெரியும். அந்தக் கண்ணோடு டெக்ஸாஸைப் பார்த்தால், இங்கே சட்டமே இல்லை என்றுதான் தோன்றும். சட்டம் இருக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற படி மாதிரி, கால் இடறும்போதுதான் தெரியும்.

எனக்கு அந்தப் படி கொஞ்சம் உயரம் அதிகம். நண்பன் அமெரிக்கக் குடிமகன். நான் அப்போது கிரீன் கார்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம், விற்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு குற்றத் தீர்ப்பு வந்துவிட்டால் அதுவே நாடு கடத்தப்படப் போதுமான காரணம். குடிமகன் செய்தால் வழக்கு, நான் செய்தால் வழக்கு முடிந்த பிறகு விமான டிக்கெட். 950 டாலருக்காக இந்த ஆட்டம் தேவையா?

நண்பனுக்குப் போன் போட்டேன்.

"டேய், போன வருஷம் உன் ரைஃபிளத்தான்டா தூக்கிட்டு ரெண்டு நாள் பன்னி வேட்டைக்கு வந்தேன். அப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. இப்ப என்ன புதுசா?"

நியாயமான கேள்வி. அதற்கும் சட்டத்தில் பதில் இருந்தது. வேட்டை, குறிபார்த்துச் சுடுவது போன்ற சட்டப்படியான விளையாட்டுக்குத் தற்காலிகமாக இரவல் கொடுக்கலாம், வாங்குபவர் வேறு மாநிலத்தவராக இருந்தாலும். இரண்டு நாளில் திரும்பி என் பெட்டிக்கு வந்துவிட்டது, அதனால் அது இரவல். அவன் வீட்டுக்குப் போனால் அது இரவல் இல்லை.

"சரி மச்சான், உன் ரூல்படியே பண்ணு" என்றான். குரலில் சலிப்பு தெரிந்தது.

டீலர் என்றதும் பெரிய கடையை நினைக்க வேண்டாம். டெக்ஸாஸில் அடகுக்கடைகள் பலவற்றுக்கே துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. எனக்கு அகப்பட்டவர் தபால்துறையில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு ஸ்ட்ரிப் மாலில் சலூனுக்கும் டோனட் கடைக்கும் நடுவே சின்னக் கடை வைத்திருந்தார். முந்தின வாரமே போன் செய்து மூன்று விஷயம் கேட்டு வைத்துக்கொண்டேன்: இன்னொருவர் துப்பாக்கியைக் கைமாற்றிக் கொடுப்பீர்களா, ஜார்ஜியா ஆளுக்குச் செய்வீர்களா, என்ன கட்டணம். முதல் கேள்விக்கே சில கடைகளில் மாட்டோம் என்று வைத்துவிட்டார்கள். அது அவர்கள் இஷ்டம். செய்தே தீரவேண்டும் என்று சட்டம் இல்லை. இவர் ரைஃபிளுக்கு 25 டாலர் என்றார். பிஸ்டல் என்றதும், "அது இங்கே அவர் கையில் தரமாட்டேன், அட்லாண்டாவில் ஒரு டீலரைப் பார்த்து வைக்கச் சொல்லு" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். கண்ணாடி மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்றில் என் ரெமிங்டன் 700, .308 ரகம், ஸ்கோப்போடு. இன்னொன்றில் கிளாக் 19. அவர் முதலில் ரைஃபிளின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சீரியல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்தபடி தடித்த பேரேட்டில் எழுதினார். யாரிடமிருந்து வந்தது என்ற கட்டத்தில் என் பெயர், முகவரி. அந்த வரியின் வலப்பக்கம் யாருக்குப் போனது என்று ஒரு கட்டம், அது காலி.

"இது ஒரு மைல் தூரத்துக்கு அடிக்கும். இதை இப்பவே கையில குடுக்கிறார். இத்துனூண்டு பிஸ்டல் மட்டும் ஜார்ஜியாவுக்குப் போய்த்தான் தரணுமா?" நண்பன் தமிழில் என்னிடம் கேட்டான். நான் அதை அவரிடம் கேட்டேன்.

தோளைக் குலுக்கினார். "ரைஃபிளைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்க முடியாது."

சட்டம் ஏறக்குறைய அந்தத் தர்க்கத்தில்தான் நிற்கிறது. ரைஃபிள், ஷாட்கன் என்றால் வெளிமாநிலத்தவர் நேரில் வந்து எந்த மாநில டீலரிடமும் வாங்கலாம், விற்கும் மாநிலத்தின் சட்டம், வாங்குபவரின் மாநிலச் சட்டம் இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1986 வரை இதுவும் பக்கத்து மாநிலத்தோடு சரி, அந்த வருடத் திருத்தத்தில்தான் எந்த மாநிலமும் என்று ஆனது. கைத்துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. வாங்குபவர் தன் சொந்த மாநிலத்து டீலரிடமிருந்துதான் பெறவேண்டும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாதிரி தங்கள் ஆட்களுக்குத் தனி அனுமதி, தனிக் காத்திருப்பு என்று வைத்திருக்கும் மாநிலத்தவர் என்றால் ரைஃபிளைக்கூட வெளிமாநில டீலர்கள் பலர் கையில் கொடுக்க மாட்டார்கள். இரண்டு மாநிலச் சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளும் தலைவலி அவர்களுக்கு எதற்கு. அட்லாண்டா நண்பன் என்றதால் எங்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

சுலபம் என்றேனே தவிர, டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் படிவம் 4473 ஒரு மணி நேரம் பிடித்தது. ஜார்ஜியா லைசென்ஸில் பழைய முகவரி. இப்போது குடியிருக்கும் முகவரிக்கு அரசு கொடுத்த வேறு ஏதாவது காகிதம் காட்ட வேண்டும், அவன் காரின் பதிவுப் படத்தைப் போனில் காட்டினான். காகிதமாக வேண்டும் என்றார் கடைக்காரர். டோனட் கடைக்காரர் புண்ணியத்தில் பிரிண்ட் கிடைத்தது. அடுத்து கவுண்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. "அட்லாண்டா" என்று எழுதி வைத்திருந்தான். கவுண்டி என்றால் ஃபுல்டனா, குவினெட்டா என்று தனக்கே தெரியவில்லை என்றான், பத்து வருடமாக வரி கட்டுகிறவன்.

பிறகு வந்தது நம் ஊர் வில்லங்கம், பெயர். அவனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் பள்ளிச் சான்றிதழில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக ஏறியது, குடியுரிமை வாங்கும்போது அதுவே நிலைத்தது, டிரைவிங் லைசென்ஸில் மட்டும் ஏதோ ஒரு கட்டத்தில் நடுவே ஒரு இனிஷியல் முளைத்திருந்தது. படிவத்தின் குறிப்பில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: நடுப்பெயர் இல்லை என்றால் என்.எம்.என். என்று போட வேண்டும், வெறும் இனிஷியல்தான் என்றால் இனிஷியலுக்குப் பின்னால் ஐ.ஓ. என்று போட வேண்டும். முதல் தாள் கிழிபட்டது. இரண்டாவது தாளில் இனத்தைக் குறித்தவன் ஹிஸ்பானிக்கா இல்லையா என்ற கட்டத்தை விட்டுவிட்டான். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு விவரத்தை அனுப்பினார். 1998 நவம்பரில் தொடங்கிய முறை இது. பெரும்பாலும் சில நிமிடத்தில் "போகலாம்" என்று வந்துவிடும், இல்லையென்றால் "தாமதம்", அல்லது "மறுப்பு". எங்களுக்குத் தாமதம். நண்பன் முகம் சுருங்கிவிட்டது. குற்றவாளி மாதிரி நிற்கிறோமே என்று அவனுக்கு. கடைக்காரர் அதற்கெல்லாம் பழகியவர்: "உன் பேர்ல, இல்ல அதே மாதிரி பேர்ல, எங்கேயோ ஒரு ஆள் இருப்பான். பார்த்துட்டுச் சொல்வாங்க." மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால், விருப்பப்பட்டால் கொடுக்கலாம் என்று மத்திய சட்டம் டீலருக்கு இடம் தருகிறது. தான் அப்படிக் கொடுப்பதில்லை, பதில் வந்தால்தான் கொடுப்பேன் என்றார். எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை பதில் வந்தது. பேரேட்டின் வலப்பக்கக் கட்டம் நிரம்பியது. ஞாயிறு விமானம். கெட்டியான பெட்டி, இரண்டு பூட்டு, தோட்டா இல்லாமல், செக்-இன் கவுன்டரில் "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்தான். அந்த வாக்கியத்தை விமான நிலையத்தில் சொல்வதற்கு ஒரு தமிழனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். கவுன்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒன்றை நீட்டினார்.

பிஸ்டலுக்கு வேறு வழி. நானே பார்சல் கட்டி அனுப்பிவிடலாம் என்றால் முடியாது. லைசென்ஸ் இல்லாத தனியாள், ரைஃபிளையும் ஷாட்கன்னையும் வெளிமாநில டீலருக்குத் தபாலில் அனுப்பலாம், கைத்துப்பாக்கியை அனுப்பக் கூடாது என்பது 1927-லிருந்து இருந்த தபால் சட்டம். தனியார் கூரியரில் கேட்டேன், கவுன்டரில் இருந்தவர் ஒன்று சொன்னார், போனில் வேறு ஒருவர் வேறு சொன்னார். ஆகவே டீலரிடமிருந்து டீலருக்கு. ஓய்வுபெற்ற தபால்காரர் என்பதால் இவருக்கு அது கைவந்த கலை. அட்லாண்டா டீலரின் லைசென்ஸ் நகலை வாங்கிச் சரிபார்த்து, அனுப்பும் செலவோடு 45 டாலர் வாங்கிக்கொண்டார். அங்கே வாங்கிக் கொடுக்க 30. ஆக 75 டாலர், அதை நானும் அவனும் பாதிப் பாதி. அங்கே மறுபடியும் 4473, மறுபடியும் தாமதம், இரண்டு நாள். இப்படித் திரும்பத் திரும்பத் தாமதம் வருகிறவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் தாங்களாகவே விண்ணப்பித்துத் தனி எண் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அந்த எண்ணைப் படிவத்தில் எழுதினால் பெயர்க் குழப்பம் பெரும்பாலும் தீரும். நம் பெயர்களுக்கு அது நிச்சயம் லாயக்கு. நண்பன் பிறகு விண்ணப்பித்தான்.

இன்னொரு வேடிக்கை, கிளாக் கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் இருப்பது ஸ்மர்னாவில், நண்பன் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். பிறந்த வீட்டுக்குப் போகிற பெண் மாதிரி அந்தப் பிஸ்டல் இவ்வளவு சடங்கோடு ஊர் போய்ச் சேர்ந்தது.

சேர்ந்த அன்று இரவே நண்பன் கூப்பிட்டான். சந்தோஷத்தில் இருந்தான். "மச்சான், டல்லாஸ்ல இன்னும் விலை கம்மியாத்தான் இருக்கு. நீ கிளம்பறதுக்குள்ள எனக்கு இன்னொரு புது கிளாக் வாங்கிடு. பணத்த இப்பவே ஸெல் ஆப்ல போட்டுடறேன். அப்புறம் இதே மாதிரி டீலர் வழியா அனுப்பிடு. எல்லாம் லீகலாத்தானே?"

நானும் முதலில் தலையாட்டியிருப்பேன். நல்லவேளை, படித்துக்கொண்டிருந்த சூட்டில் அப்ராம்ஸ்கி வழக்கு கண்ணில் பட்டிருந்தது. வர்ஜினியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர். பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காக, மாமா அனுப்பிய 400 டாலர் காசோலையோடு, போலீஸ் தள்ளுபடியில் ஒரு கிளாக் வாங்கினார். பிறகு பென்சில்வேனியா டீலர் வழியாக, சோதனை எல்லாம் முடித்து, முறைப்படி மாமாவிடம் சேர்த்தார். மாமாவுக்குத் துப்பாக்கி வாங்கத் தடை எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர. வாங்கும்போது 4473-ல், "இதை உண்மையில் வாங்குபவர் நீதானா" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதியிருந்தார். 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லையைத் தாண்டிய விதம் சரி, முதல் தாளில் எழுதிய பதில் பொய்.

என் பழைய பிஸ்டலை அவனுக்கு விற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நண்பன் கேட்டான். அதை நான் எனக்காக, என் பணத்தில் வாங்கினேன். வாங்கும்போது அவன் படத்திலேயே இல்லை. அவன் காசில், அவனுக்கென்று நான் வாங்கினால், நான் வெறும் பினாமி. பினாமி என்று சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டான். நம் மொழியில் இதற்கு எவ்வளவு பொருத்தமான சொல் தயாராக இருக்கிறது பாருங்கள். 2022-ல் வந்த சட்டம், துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவருக்கோ பெரிய குற்றத்துக்குப் பயன்படுத்தப் போகிறவருக்கோ இப்படிப் பினாமியாக வாங்குவதைத் தனிக் குற்றமாகவே ஆக்கி, 15 ஆண்டு வரை தண்டனை வைத்துவிட்டது.

கையில் மிச்சம் இருந்தது பழகுவதற்காக வாங்கிய .22 ரூகர் ரைஃபிள் ஒன்று. அதற்கு ஒரு ஆள் வந்தார். எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர் வரிசை. இரண்டு வருடமாகப் பார்க்கிற முகம், நாயோடு நடப்பார். உள்ளூர் ஆள்தானே, சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன். அடையாள அட்டை காட்டுங்கள் என்றேன். லூயிசியானா லைசென்ஸ்.

"ரெண்டு வருஷமா மாத்தல, சோம்பேறித்தனம்" என்றார்.

குடியிருப்பு என்பது உண்மையில் எங்கே வீடாக நினைத்து வாழ்கிறார் என்பதுதான், லைசென்ஸ் அட்டை மட்டும் அல்ல. ஆகவே அவர் டெக்ஸாஸ்வாசியாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால், வேறு மாநிலத்தவர் என்று சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. காரணம் அட்டையில் அச்சடித்து என் கையில் இருந்தது. "பரவாயில்லை, தெரிஞ்ச டீலர் இருக்கார், நீளத் துப்பாக்கிதான், அவர் வழியா முடிச்சுக்கலாம், 25 டாலர் நானே கட்டறேன்" என்றேன். முகம் மாறியது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் திரும்பவில்லை. எதிரே பார்த்தாலும் நாயைப் பார்த்துக்கொண்டே போனார். அவருக்கு என்ன காரணமோ. கடைசியில் ரூகரை அந்தக் கடைக்காரருக்கே, கேட்ட விலையில் முக்கால்வாசிக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு அடிக்கடி வரும் தம்பி ஒருவன், ஹெச்-1பி விசா. "அண்ணா, ஊரான் எவனுக்கோ குறைச்ச விலைக்குக் கொடுத்தீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று கோபித்துக்கொண்டான். அவனுக்கு உட்கார வைத்து விளக்க வேண்டியிருந்தது. ஹெச்-1பி, மாணவர் விசா, வருகையாளர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே மத்திய சட்டம் தடை போடுகிறது. விதிவிலக்குகளில் ஒன்று, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அது இல்லாமல் ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் கணக்கில் வரும். வார இறுதியில் கூட்டமாகப் போய், போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் நம் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வேட்டை லைசென்ஸ் எடுத்தால் கதவு திறக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கிரீன் கார்டு வரும்வரை இந்தப் பக்கமே போகாதே என்றுதான் அவனிடம் சொன்னேன்.

இத்தனைக்கும் பிறகு என்னை அசரவைத்தது, எனக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்த அதே நண்பரின் கதை. அவருடைய அப்பா ஆர்கன்சாவில். உடம்பு முடியாமல் போனபோது, தன் பழைய வின்செஸ்டர் துப்பாக்கியை மகனுக்குக் கொடுத்துவிட ஆசைப்பட்டார். மகன் டெக்ஸாஸ். உயிரோடு இருக்கும் அப்பா பெற்ற பிள்ளைக்குக் கொடுப்பதானாலும், மாநிலம் வேறு என்றால் டீலர் வழியாகத்தான். குடும்பத்துக்கென்று தனிச் சலுகை இல்லை. அப்பா இறந்து, உயில் வழியாகவோ வாரிசுரிமையிலோ வந்தால், டீலர் தேவையில்லை, நேராக எடுத்து வரலாம், தன் மாநிலத்தில் அது அனுமதிக்கப்பட்டதாக இருந்தால் போதும். அவர் போய் டீலர் வழியாகவே வாங்கி வந்தார். "அவர் கையால் வாங்கணும்னு தோணுச்சு. அதுக்கு 30 டாலர்" என்றார். அடுத்த மாதம் அப்பா இறந்துவிட்டார்.

விற்காமல் வைத்துக்கொண்டது ஒரு ஷாட்கன் மட்டும், ரெமிங்டன் 870. நியூஜெர்சியில் மான் வேட்டைக்கு .308 ரைஃபிளால் பயனில்லை, அங்கே ஷாட்கன், வில், குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி இவைதான். கிளாக்கை விற்றதற்கும் காரணம் உண்டு, அதன் தோட்டாக்கூடு 15 கொள்ளும், நியூஜெர்சியில் 10-க்கு மேல் கூடாது. சாமான் லாரிக்காரர் துப்பாக்கி, தோட்டா எதையும் ஏற்ற மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்கள் சியன்னா வேனில் எடுத்துப் போனேன். வழியில் உள்ள மாநிலங்கள் ஒவ்வொன்றின் சட்டமும் வேறு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உரிமை இருந்தால், தோட்டா இல்லாமல், கைக்கெட்டாமல் எடுத்துப் போகும்வரை மத்திய சட்டம் பாதுகாப்புக் கொடுக்கிறது. டிக்கி தனியாக இல்லாத வேன் என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், டாஷ்போர்டு அறை அதற்குச் செல்லாது.

இந்தப் பாதுகாப்பை நம்பி வழியில் சாவகாசமாக இருக்கக் கூடாது என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2005-ல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் முறைப்படி அறிவித்து பிஸ்டலைச் செக்-இன் பெட்டியில் போட்டுப் பென்சில்வேனியாவுக்குக் கிளம்பினார். நியூஜெர்சியின் நுவார்க்கில் அடுத்த விமானம் தவறிப்போனது, பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். இரவு ஓட்டலில் தங்கி, மறுநாள் காலை அதே மாதிரி நேர்மையாக அறிவித்தார், கைது. பெட்டி இரவு முழுக்க கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் பாதுகாப்பு செல்லாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதைப் படித்ததிலிருந்து மனைவிக்கு ஒரே உத்தரவு, நாஷ்வில்லில் ஒரு இரவு, அதற்கப்புறம் நிற்பது பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும். ஒரு வருடம் கழித்துக் குடிபோயிருந்தால் இன்னும் ஒரு வேலை கூடியிருக்கும், 2022 ஜூலையிலிருந்து நியூஜெர்சிக்குப் புதிதாக வருபவர் 60 நாளுக்குள் துப்பாக்கிக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஐ-81 நெடுஞ்சாலையில், மேற்கு வர்ஜினியாவின் அந்த ஒட்டுத் துண்டைக் கடக்கும்போது மார்ட்டின்ஸ்பர்க் என்ற பலகை வந்தது. நாட்டில் எங்கேயாவது குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி ஒன்று சிக்கினால், அது யாருடையது என்று தடம் பிடிக்கும் மையம் அங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் வந்துவிடும் என்று நினைப்போம். பெயரால் தேடக்கூடிய பதிவேடு வைத்துக்கொள்ளச் சட்டமே தடை. மூடிப்போன கடைகளின் கோடிக்கணக்கான தாள்களின் படங்களை ஆட்கள் கண்ணால் புரட்டுகிறார்கள். உற்பத்தியாளருக்குப் போன் போட்டு, அவர் சொல்லும் மொத்த வியாபாரிக்குப் போட்டு, அவர் சொல்லும் கடைக்குப் போட்டு, கடைசியில் முதலில் வாங்கியவர் பெயரில் வந்து நிற்கும். அந்தக் கிளாக்கும் ரெமிங்டனும் ரூகரும் இன்று யார் கையில் இருந்தாலும், அந்தச் சங்கிலி வந்து நிற்கும் பெயர் என்னுடையது.

டீலர் கொடுத்த ரசீது, சீரியல் நம்பர்கள், அட்லாண்டா டீலரின் லைசென்ஸ் நகல், நண்பன் கையெழுத்துப் போட்ட விற்பனைத் தாள் எல்லாம் ஒரு நீலக் கோப்பில், நியூஜெர்சியின் எடிசன் ஊரில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே.